கொடிகளுக்குக் கீழே நின்றவர்கள்

திருகோணமலையின் வரலாற்றை யாரும் சொல்லத் தொடங்கினால் கொடிகள்தான் முதலில் வரும். 1624இல் போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டை 1639இல் ஒல்லாந்தர் கைக்குப் போனது. 1795இல் ஆங்கிலேயர். 1957இல் அவர்களது கடற்படையும் கிளம்பியபின் சீனக்குடாக் காட்டில் எண்ணெய்த் தாங்கிகள் மிஞ்சின. அந்தத் தாங்கிகளின் இரும்புத் தகடுகளைச் சுமந்தவர் யார், அவருக்கு நாட்கூலி என்ன?

இப்படிக் கேட்கப் பழக்கியவர்களில் ஒருவர் குமாரி ஜயவர்தன.

1931இல் பிறந்தவர். தந்தை ஏ. பி. டி சொய்சா அரசாங்க சபையில் சீதனத்துக்கு எதிராகக் குரல் கொடுத்தவர்; தாய் ஆங்கிலேயப் பெண். லண்டனில் 1964இல் கலாநிதிப் பட்டம் பெற்ற குமாரி, இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் எழுச்சி பற்றிய தமது நூலை 1972இல் வெளியிட்டார். அரசியல் சீர்திருத்தம், ஆணைக்குழு என்று நிறைந்திருந்த காலனித்துவ கால வரலாற்றுக்குள் 1893இல் வேலைநிறுத்தம் செய்த கொழும்பு அச்சகத் தொழிலாளர் வந்தார்கள். சலவைத் தொழிலாளர், கரத்தைக்காரர், ரயில்வே ஊழியர் எல்லாரும் பின்னால் வந்தார்கள்.

அந்த ஆய்வில் மனதை உலுக்கும் இடம் ஏ. ஈ. குணசிங்கவின் கதை. 1923 பொது வேலைநிறுத்தத்தில் பல இனத் தொழிலாளரையும் ஒன்றாக நிறுத்திய தலைவர் அவர். 1930களில் பொருளாதார மந்தம் வந்து வேலைக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதும், அவரே மலையாளித் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பினார். முதலாளியோடு நடந்த சண்டை பக்கத்தில் நின்ற தொழிலாளியோடு நடந்த சண்டையாகிப் போனது. இதைக் குமாரி மறைக்கவில்லை; அதற்காகக் குணசிங்கவின் முந்திய போராட்டத்தைச் சிறுமைப்படுத்தவும் இல்லை. சிங்களச் சமூகத்துக்குள் இருந்தே ஒருவர் இதை எழுதினார் என்பதைத் தமிழ் வாசகர் நன்றியோடு நினைக்க வேண்டும். 1983 வன்முறைக்குப் பின் இனமோதலை அவர் ஆராய்ந்தபோதும் இதே நேர்மைதான் கைகொடுத்தது.

கொழும்புப் பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் கற்பித்தார். சமூக விஞ்ஞானிகள் சங்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். 1986இல் மூன்றாம் உலகப் பெண்ணியம் பற்றிய நூல். 2000இல், சாராயக் குத்தகையில் பணம் சேர்த்த குடும்பங்கள் கனவான்களாக மாறிய கதை. கீழே நின்றவரைத் தேடியவர், மேலே ஏறியவர் எந்த ஏணியில் ஏறினார் என்றும் பார்த்திருக்கிறார்.

திருகோணமலைத் துறைமுகத்துக்கு இப்படிப்பட்ட கண் வேண்டும். கடற்படைத் தளத்தில் கூலிக்கு உழைத்தவர், கப்பல்களுக்குக் கரி சுமந்தவர், தெற்கே இலங்கைத்துறையில் வலை இழுத்தவர் எல்லாருக்கும் அந்த வரலாற்றில் இடம் இருக்கிறது. டொக்யாட் வீதிப் பக்கத்து வீடொன்றின் பழைய அலுமாரியில் தாத்தாவின் சம்பளச் சீட்டோ சங்க உறுப்பினர் அட்டையோ இன்னும் கிடந்தால், தயவுசெய்து குப்பையில் போட்டுவிடாதீர்கள்.