யானை நிற்க ஒரு குமிழ்

லெகோ கட்டையில் யானை செய்வது பெரிய காரியமில்லை. அதை வெள்ளைத் துணியின் மேல் நிறுத்துவதுதான் காரியம்.

கண்டி எசல பெரஹராவில் தலதா மாளிகையின் பேழையைச் சுமக்கும் கொம்பன் வெறுந்தரையை மிதிப்பதில்லை. அதற்கு முன்னால் நிலபாவாடை விரித்துக்கொண்டே போவார்கள். யானை கடந்த துணியைச் சுருட்டி, மறுபடி முன்னால் கொண்டுவந்து விரிப்பார்கள். இதைக் கட்டையில் காட்ட, குமிழ் இல்லாத வழவழப்பான வெள்ளைத் தட்டுகளைப் பரப்ப வேண்டும். குமிழ் தெரிந்தால் துணியாகத் தோன்றாது, தெருவாகத்தான் தோன்றும். ஆனால் குமிழ் இல்லாத இடத்தில் கால் எதைப் பிடித்து நிற்கும்? மேசையில் யாராவது இடித்தால் மாளிகை யானை பேழையோடு சாய்ந்துவிடும்.

இதற்கென்றே நடுவில் ஒரே ஒரு குமிழ் வைத்த சிறு தட்டு ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ‘ஒற்றைக் குமிழ்’. யானையின் பாதம் விழும் இடங்களில் மட்டும் அதைப் பதித்து, மற்ற இடமெல்லாம் வழவழப்பாக விட்டால், பாதமே குமிழை மறைத்துவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு முழுத் துணிதான். இன்னொன்று: முன்னங்கால் ஒன்றை ஒரு தட்டு அளவாவது தூக்கி வைக்க வேண்டும். நான்கு காலும் ஊன்றி நிற்கும் யானை லாரிக்குக் காத்திருக்கும் யானை மாதிரி இருக்கும். ஒரு கால் எழும்பினால்தான் ஊர்வலம் நகர்கிறது. பிடிமானம் மூன்று காலுக்குக் குறைந்துபோகும், அதைச் சமாளித்துக்கொள்ளலாம்.

நான் இருப்பது வத்தேகமயில், கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் ரயில் பாதையில். நாங்கள் வேதக்காரர், மனைவி வீட்டார் சைவர், முன்வீட்டார் பௌத்தர். ஆகவே எங்கள் முன்னறை மேசைக்கு வருஷத்தில் மூன்று வேலை: எசலவுக்குப் பெரஹரா, நத்தாருக்குப் பாலன் குடில், மாசி மகத்துக்கு மாத்தளை முத்துமாரியம்மன் தேர். எல்லாவற்றுக்கும் அதே கட்டைகள்தான். பெரஹராவின் சாம்பல்நிற யானை டிசம்பரில் பெத்லகேம் குகையின் பாறையாகிவிடும்.

இந்தக் காட்சிகளுக்குக் கடையில் பெட்டி கிடைக்காது. டென்மார்க்கின் பிலுண்ட் ஊர் நிறுவனம், ரசிகர்களிடம் புதுப்பெட்டிக்கு யோசனை வாங்கும் ‘லெகோ ஐடியாஸ்’ திட்டத்தில், சமயச் சின்னம், சமயக் கட்டடம், சமயப் பெரியோர் எதுவும் கூடாது என்று விதியே போட்டிருக்கிறது. எனக்கு அதில் மனக்குறை கிடையாது. வழிகாட்டிப் புத்தகத்தோடு பெரஹராப் பெட்டி வந்திருந்தால் எல்லார் வீட்டிலும் ஒரே பெரஹராதான் போகும். இல்லாததால்தான் கடற்கொள்ளையர் பெட்டியின் பொன்னிறத் துண்டு பேழையாகிறது, கோட்டைப் பெட்டியில் வந்த ஒளிபுகும் செம்மஞ்சள் சுடர்கள் கொப்பரைப் பந்தமாகின்றன. விலைக்கும் இது வசதி. புதுப்பெட்டி வாங்க நம் சம்பளம் தாங்காது. பிள்ளைகள் வளர்ந்த வீடுகளில் கட்டிலுக்கடியில் கிடக்கும் கலவைக் கட்டைகளே என் கையிருப்பு. 1958இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அதே பிடிமான முறைதான் இன்றும் என்பதால், எந்தக் காலத்துக் கட்டையும் எந்தக் காலத்துக் கட்டையோடும் சேரும். சீனத்துப் போலிக் கட்டைகளும் ஓரளவு சேரும். ஆனால் அவற்றைப் பாரம் தாங்கும் இடத்தில் வைக்க மாட்டேன்.

பழைய கட்டையில் ஒரு சங்கடம், வெள்ளை வெள்ளையாக இருக்காது. வெயில் பட்டுப் பட்டு மஞ்சள் ஏறியிருக்கும். பெரஹராவுக்கோ வெள்ளைதான் அதிகம் வேண்டும். பளிச்சென்ற வெள்ளையை நிலபாவாடைக்கு ஒதுக்கிவிடுவேன். மஞ்சளேறியவை மாளிகைச் சுவருக்குப் போகும். மழையும் வெயிலும் பார்த்த சுண்ணாம்புச் சுவருக்கு அதைவிடப் பொருத்தமான நிறத்தைக் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது.

அளவைப் பொறுத்தவரை கணக்கு எளிது. குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர், கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர், மூன்று தட்டு சேர்ந்தால் ஒரு கட்டை. லெகோ மனிதர் 4 சென்டிமீட்டர் உயரம். அவரை நம்மைப்போல் ஓர் ஆளாக எடுத்துக்கொண்டால், தோள்வரை 10 அடி உயர்ந்த கொம்பன் 7 சென்டிமீட்டர் வரும்: ஏழு கட்டையும் ஒரு தட்டும். கொம்பின் வளைவுக்குப் படம் பார்க்கத் தேவையில்லை. நெடுங்காலம் பேழை சுமந்து 1988இல் இறந்த ராஜா, பாடம் செய்யப்பட்டு மாளிகை வளாகத்திலேயே நிற்கிறது. எத்தனை தரம் போய் நின்று பார்த்தாலும், அந்தக் கொம்புகள் கீழே எவ்வளவு தூரம் இறங்கி வந்து பிறகு முன்னால் வளைகின்றன என்பது எனக்கு ஆச்சரியம்தான். வளைந்த சிறு வெள்ளைத் துண்டுகள் இரண்டைக் கோத்தால் பாதி வளைவு கிடைக்கும். மீதியைப் பார்ப்பவர் போட்டுக்கொள்வார்.

அந்த ‘மீதி’தான் இந்த வேலையில் என்னை இழுப்பது. 1978இல் கைகால் அசையும் லெகோ மனிதர் வந்தபோது எல்லாருக்கும் ஒரே முகம்: மஞ்சள் தோல், இரண்டு புள்ளிக் கண், ஒரு புன்னகை. என்னிடம் இருப்பவர்களில் பெரும்பாலோர் இந்தப் பழைய ஆட்கள். சூசையப்பரும் சிரிப்பார், கசை அடிப்பவரும் சிரிப்பார். பெரிய வெள்ளிக்கு ஒரு தரம் சிலுவைப் பாதை செய்யச் சொன்னார்கள். சிரித்தபடி யார் சிலுவை சுமப்பது? தலையைப் பின்பக்கமாகத் திருப்பிவிட்டேன். பழைய தலைகளின் பின்புறம் வெறுமையாக இருக்கும். முகமே இல்லாத பதினான்கு காட்சிகள். எது எந்த நிலை என்று ஒருவரும் கேட்கவில்லை. யார் விழுந்திருக்கிறார், யார் குனிந்திருக்கிறார், யார் எத்தனை குமிழ் தள்ளி நிற்கிறார் என்பதே சொல்லிவிட்டது.

அதனால் பெரஹராவில் நான் எதில் சிக்கனம் பிடித்தாலும் வரிசையில் பிடிப்பதில்லை. முதலில் கசை அடிப்பவர்கள், பிறகு தீப்பந்தம் சுழற்றுபவர்கள், கொடி பிடிப்பவர்கள், யானைமேல் ஓலைச்சுவடியோடு பெரமுனே ரால, அங்குசத்தோடு கஜநாயக்க நிலமே, மேளக்காரர், நடனக்காரர், இருபுறமும் துணைக்கு ஒவ்வொரு யானை வர நடுவில் மாளிகை யானை, அதற்குப் பின்னால் தியவடன நிலமே. அது முடிந்தபின் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் பெரஹராக்கள், இதே ஒழுங்கில். ஆள் குறைந்தால் நடனக்காரரில் பாதியை எடுத்துவிடலாம், தேவாலயத்தை எடுக்க முடியாது. கதிர்காமத்துக்குக் காவடி கட்டாயம். வில்வளைவுத் துண்டில் இறகு குத்தினால் முடிந்தது. பத்தினிக்குப் பெண் நடனக்காரர், அந்தப் பெரஹராவில் மட்டும்தான் பெண்கள் ஆடுவார்கள். நம் கண்ணகியம்மனின் ஊர்வலம் என்பதாலோ என்னவோ, மனைவி அந்தப் பகுதியை என்னிடம் விடுவதில்லை.

பின்னணிக்கு மாளிகையின் எண்கோண மண்டபம், பத்திரிப்புவ. பிறகு வேலூரில் சிறையிருந்த ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் கட்டியது. சதுரக் கட்டமாக ஓடும் குமிழ்களில் எட்டு மூலை அடங்காது. நாலு சுவர் கட்டத்தில் பொருந்தினால் சாய்ந்த நாலு பொருந்தாது. எட்டுச் சுவரையும் தனித்தனியே கட்டி, கீல் துண்டுகளால் வளையமாகக் கோத்து, அடித்தட்டில் முன்னும் பின்னும் இரண்டே இடத்தில் பிடிக்க விட வேண்டும். மீதி ஆறு சுவரும் சும்மா தரையில் உட்கார்ந்திருக்கும். கூரை ஏறியதும் அதன் பாரமே வளையத்தை இறுக்கிக்கொள்ளும்.

நத்தார்க் குடிலில் இவ்வளவு பாடு இல்லை. 1223இல் கிரேச்சியோவில் புனித பிரான்சிஸ் அமைத்த முதல் குடிலில் வைக்கோலிட்ட தீவனத் தொட்டியும் மாடும் கழுதையும்தான். அவருக்கே அது போதுமாக இருந்திருக்கிறது. எங்கள் குடிலில் டிசம்பர் 24 நள்ளிரவு வரை தொட்டி வெறுமையாக இருக்கும். லெகோவில் குழந்தை உருவம் 2016இல்தான் வந்தது. அதற்கு முன்னால் ஒரு வட்டத் தட்டுத்தான் எங்களுக்குப் பாலன், அதைக் குழந்தை என்று ஏற்காதவர் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. மூன்று ராஜாக்களைப் புத்தக அலமாரியில் வைத்து ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாக நகர்த்துவோம்.

“ராஜாக்கள் ஏன் மாமா இன்னும் வரல?” என்று முன்வீட்டுச் சிறுவன் கேட்டான்.

“ஜனவரி ஆறாந்தேதிதான்டா வருவாங்க.”

“அதுவரைக்கும் டீவிக்குப் பக்கத்துலயா நிப்பாங்க?”

நியாயமான கேள்விதான். வேறு இடமில்லை.

பெரிதாகச் செய்பவர்கள் உண்டு. சுவீடனின் வெஸ்தெரோஸ் நகரில் ஒரு தேவாலயம் 2009 உயிர்ப்புத் திருநாளுக்கு ஆளுயர இயேசு சிலையைச் சுமார் 30,000 வெள்ளைக் கட்டைகளால் செய்து திறந்துவைத்தது. படத்தில் பார்த்தேன். உழைப்பை மதிக்கிறேன், எனக்கு அந்த வழி ஒத்துவராது. சிலையை அச்சாக நகல் எடுக்கக் கட்டையை எவ்வளவு செலவழித்தாலும் அது கட்டையாலான சிலை என்ற வியப்போடு நின்றுவிடுகிறது. நான் மூலவரைச் செய்வதில்லை. பெரஹராவில் அந்தத் தொல்லையே கிடையாது, தெருவில் போவது மூடிய பேழைதான். தேரில் அம்மன் இருக்குமிடத்தில் சிவப்புத் திரை போட்டு, மாலைகளை மட்டும் வெளியே தொங்க விடுவேன். மாமியார் முதல் பார்வையில் முகம் சுளித்தார். பிறகு கிட்ட வந்து பார்த்துவிட்டு, “திரை போட்டிருக்கா? அப்ப சரி தம்பி” என்றார்.

கோபுரம் கட்டைக்கென்றே பிறந்த வடிவம். அடுக்குக்கு அடுக்கு ஒரு குமிழ் உள்வாங்கினால் தானாக எழும்பும், அதில் எழுத ஒன்றுமில்லை. தேர்தான் இழுபறி. மாத்தளையில் பவனி வருவது பஞ்சரதம், ஐந்து தேர். எல்லாவற்றையும் ஒரே மேசையில் நிறுத்தினால்தான் அது மாத்தளை. ஒரு தேர் என்றால் எந்த ஊர்த் திருவிழாவாகவும் இருக்கலாம். பிள்ளையார் முன்னால், மற்றவர்கள் பின்னால். மேல்கட்டுக்குச் சிவப்பும் மஞ்சளும் தாராளமாக இருக்கின்றன, வடத்துக்குத் தையல் நூல் இருக்கிறது, இழுக்க ஆளும் இருக்கிறார்கள். பெரிய சில்லுதான் போதவில்லை. பழைய லெகோ டிராக்டர் யார் வீட்டிலாவது சும்மா கிடந்தால், மாசிக்கு முன் சொல்லி அனுப்புங்கள்.