டிரையர் தாத்தாவும் கண்ணுக்குத் தெரியாத காரும்

போன லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது ஒரு பிள்ளை கேட்ட கேள்விக்கு எங்களுக்குப் பதில் தெரியவில்லை. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறோம்.

நாங்கள் நாலு பேர். ஹட்டனைச் சுற்றியிருக்கிற வேற வேற தோட்டம், ஆனால் நாலு பேரும் கலைப்பீடம். லீவு விட்டால் எங்களில் ஒருத்தியின் தோட்டத்தில், கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில், ஓ.எல் எடுக்கிற பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை வகுப்பு வைப்போம். தமிழ், வரலாறு, கொஞ்சம் கணக்கு. விஞ்ஞானம் கேட்டால் பழைய வினாத்தாளை எடுத்து, எங்களுக்கு மனப்பாடமாக இருக்கிற விடையைச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவோம். இது பிள்ளைகளுக்கும் தெரியும் என்று நாங்கள் நினைக்கவில்லை.

அன்றைக்குப் பதினோராம் ஆண்டு தங்கச்சி ஒருத்தி போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அக்கா, சூடாக்கினா ஓடுற கார் ஒன்னு இருக்காம். கண்ணுக்கே தெரியாதாம். எஞ்சின் இல்லாம சூடு எப்பிடிக்கா காரை ஓட்டும்?"

"அடுத்த கிழமை சொல்றோம்."

"போன கிழமையும் அப்பிடித்தான் சொன்னீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். எங்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அன்று ராத்திரி லயத்துக்கு மேலே, தண்ணித் தாங்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். ஒரே போனில் நாலு பேரும் தலையை நீட்டிப் படித்ததில் தெரிந்துகொண்டது இது.

2005இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில், ரைஸ் பல்கலைக்கழகத்தில், ஜேம்ஸ் டூரும் கெவின் கெல்லியும் அவர்களுடைய மாணவர்களும் ஒரே ஒரு மூலக்கூறை கார் மாதிரிச் செய்தார்கள். அடிச்சட்டம் இருக்கிறது, இரண்டு அச்சு இருக்கிறது, நாலு சக்கரம் இருக்கிறது. ஒவ்வொரு சக்கரமும் 60 காபன் அணுக்கள் சேர்ந்த ஒரு பந்து. காரின் அகலம் மூன்று, நாலு நனோமீற்றர். நம்முடைய தலைமயிர் ஒன்றின் தடிப்பில் இப்படி இருபதாயிரம் கார்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தலாம். ரோட்டு, தங்கத் தகடு. அறை வெப்பநிலையில் கார் அசையாது, சக்கரம் தங்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். தகட்டை 200 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் ஓடத் தொடங்கும்.

வழுக்குகிறதா, உண்மையிலேயே சக்கரம் உருளுகிறதா என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் எங்களுக்கு நல்லாப் பிடித்தது. ஊசி முனையால் தகட்டைத் தடவிப் படம் எடுக்கிற நுணுக்குக்காட்டியில் ஒன்றன்பின் ஒன்றாகப் படம் எடுத்தார்கள். கார் எப்போதும் அச்சுக்குக் குறுக்கே, அதாவது நம்ம ஊர் லொறி போகிற மாதிரியே போனது. மூன்று சக்கரத்தை முக்கோணமாக வைத்து இன்னொன்று செய்தார்கள். அது எங்கேயும் போகவில்லை, நின்ற இடத்திலேயே சுற்றியது. வழுக்குவதென்றால் இரண்டும் ஒரே மாதிரித்தானே வழுக்கியிருக்க வேண்டும்.

இவ்வளவும் படித்தாச்சு. அந்தத் தங்கச்சி கேட்டது, சூடு எப்படி ஓட்டும் என்பது. அதை எங்களால் எங்கள் வாயால் சொல்ல முடியவில்லை. ஓ.எல் விஞ்ஞானம் நாலு பேரும் பாஸ். "வெப்பம் ஒரு சக்தி வடிவம்" என்று எழுதி மார்க்ஸ் வாங்கியவர்கள். அதற்கு மேலே ஒரு வசனம் வரவில்லை.

மறுநாள் காலை பிளேன்டீ குடிக்கும்போது எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த தாத்தா ஒருத்தர் வாயைத் திறந்தார். எங்களில் ஒருத்தியின் தாத்தா. முப்பது வருசத்துக்கு மேலே ஸ்டோரில் டிரையரில் நின்றவர்.

"சூடு என்னா செய்யும்னு எங்கிட்ட கேக்க மாட்டீங்களே."

கேட்டோம். அவர் சொன்னதைக் கிட்டத்தட்ட அப்படியே எழுதுகிறோம். "கொழுந்தை ராத்திரி பூரா வாட்டி, ரோலர்ல போட்டு உருட்டுனா இலை ஒடைஞ்சி சாறு வெளிய வரும். அப்புறம் பரப்பி வைச்சா பச்சை போயி செம்புக் காசு நெறம் வரும். உள்ள என்னமோ வேலை செய்யுது. அது பாட்டுக்கு விட்டா செஞ்சிக்கிட்டே இருக்கும். பிந்துனா சாயம் இருக்கும், டீயில உசிரு இருக்காது. சரியான நேரம் பாத்து டிரையர்ல போட்டு அதை நிப்பாட்டணும். நிப்பாட்டுறதுதான் என் வேலை. சூடு கொறைஞ்சா தூள் வெந்து போகும். கூடுனா மேல காஞ்சி உள்ள ஈரம் நிக்கும்."

"என்னமோ வேலை செய்யுது" என்றாரே, அந்த என்னமோவுக்குப் பாடப்புத்தகத்தில் பெயர் இருக்கிறது. கொழுந்தில் பொலிபீனோல் ஒட்சிடேசு என்று ஒரு நொதியம். நடுவில் செம்பு வைத்த புரதம். முழு இலையில் அது ஒரு அறையிலும், அது வேலை செய்ய வேண்டிய பொருள் இன்னொரு அறையிலும் இருக்கும். ரோலர் சுவரை உடைத்துவிடுகிறது. காற்றிலிருக்கிற ஒட்சிசனும் சேர்ந்துகொள்ள, தேயிலைக்கு நிறமும் சுவையும் வருகிறது. ஸ்டோரில் இதை நொதித்தல் என்று சொன்னாலும் உண்மையில் இது ஒட்சியேற்றம். நொதியமும் ஒரு மூலக்கூறு இயந்திரம்தான், மனிசன் செய்யாத இயந்திரம். டிரையரில் 90 பாகை அளவுச் சூடான காற்றில் இருபது நிமிசம் போல ஓடும்போது அதன் மடிப்புக் குலைந்து வேலை நின்றுவிடும். ஈரமும் நூற்றுக்கு மூன்று அளவுக்கு இறங்கிவிடும்.

தாத்தா விடவில்லை. "அப்ப அந்தக் கார் சூட்டுல ஓடுது. இது சூட்டுல நிக்குது. ரெண்டும் எப்பிடி சரியாகும்?"

இந்தக் கேள்விதான் எங்களுக்கு விளங்க வைத்தது. சூடு என்பது அணுக்களின் ஆட்டம். ஆட்டம் கூடக்கூட ஒட்டிக்கொண்டிருப்பது விடுபடும். காரில் விடுபட்டது சக்கரத்துக்கும் தங்கத்துக்கும் இடையிலான பிடி, அதனால் ஓடியது. நொதியமும் இளஞ்சூட்டில் வேகமாகத்தான் வேலை செய்யும், குளிர் நாளில் நிறம் வர நேரம் எடுப்பது அதனால்தான். சூடு மிஞ்சினால் அதன் உருவத்தைப் பிடித்து வைத்திருக்கிற பிணைப்புகளே விட்டுப்போகும், அதனால் நிற்கிறது. சூடு ஒன்றுதான். எது முதலில் விடுபடுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

இன்னொன்றும் இருக்கிறது. சூடு ஆட்டத்தைத் தரும், வழி காட்டாது. அந்தக் கார் அச்சுக்குக் குறுக்கே மட்டும் போவது சக்கரம் பூட்டின விதத்தால். முன்னுக்கா பின்னுக்கா என்று சூடு சொல்லாது. ஒரே பக்கம் சுற்ற வைக்க வேறொன்றும் வேண்டும். நெதர்லாந்தில் பென் ஃபெரிங்கா 1999இல் செய்த மூலக்கூறு மோட்டாரில் ஒளி பாதித் தூரம் தள்ளும், பிறகு சூடு அதை ஒரு தடையைத் தாண்ட வைக்கும். தாண்டிவிட்டால் திரும்பி வர முடியாது. அப்படித் தள்ளித் தள்ளி ஒரே பக்கம் சுற்றும். 2016இல் சோவாஜ், ஸ்டொடார்ட் ஆகியோரோடு அவருக்கு இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது.

1867இல் லூல்கந்துரவில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் முதலில் பங்களா விறாந்தையில் கையால் உருட்டி, மண் அடுப்பில் கரி போட்டுக் காய வைத்தார் என்று வரலாற்றில் படித்திருக்கிறோம். பரீட்சைக்கும் எழுதியிருக்கிறோம். நுவரெலியா பஸ்ஸில் போகும்போது தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தை எத்தனையோ தரம் கடந்திருக்கிறோம். ஆனால் அந்த அடுப்பில் நடப்பது இரசாயனவியல் என்றோ, தாத்தா முப்பது வருசமாகச் செய்தது அதுதான் என்றோ எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவருக்கும் யாரும் சொல்லவில்லை. அவருக்குக் கிடைத்தது அன்றன்றைக்குப் பேர் மட்டும்தான்.

அடுத்த சனிக்கிழமை தாத்தாவையும் கூட்டிக்கொண்டு போனோம். அவர் பாதி சொன்னார், நாங்கள் பாதி சொன்னோம். தங்கச்சி எழுதிக்கொண்டே இருந்தாள். கடைசியில், "ஏ.எல்லுக்கு நீங்க ஏன் சயன்ஸ் எடுக்கல?" என்று கேட்டாள்.

இதற்குப் பதில் தெரியும். எங்கள் நாலு பேருடைய பள்ளிக்கூடத்திலும் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு இல்லை. இருந்தது கலையும் வர்த்தகமும். டவுனுக்குப் போய்ப் படிக்க பஸ் காசும் டியூசன் காசும் கேட்க வேண்டியிருந்தது. நாங்கள் கேட்கவில்லை. கலைப்பீடத்துக்கு வந்ததில் எங்களுக்கு வருத்தம் இல்லை, இங்கே படிப்பது பிடித்துத்தான் படிக்கிறோம். ஆனால் அதை நாங்கள் தெரிவு செய்தோம் என்று சொன்னால் பொய்.

அவளுடைய பள்ளிக்கூடத்திலும் அதே நிலைமைதான். அம்மா கொழுந்து எடுக்கிறார், கீழே இரண்டு தம்பிகள். "நீ சயன்ஸ் எடு" என்று சொல்லிவிட்டு நாங்கள் கெம்பசுக்கு பஸ் ஏறிவிடலாம். அது லேசு. அவளுக்கு மூலக்கூறு பற்றி ஆசை காட்டியதும் நாங்கள்தான், அதனால் அப்படிப் போக மனசு வரவில்லை. அம்மாவோடு பேசினோம். "ரெண்டு வருசம் பஸ் காசு தேடிடலாம். பாடம் விளங்காட்டி யாருகிட்ட கேப்பா?" என்றார். நியாயமான கேள்வி. நாங்கள் நாலு பேரும் சேர்ந்தாலும் அதற்குப் பதில் இல்லை.

அதனால் இதை வாசிக்கிற விஞ்ஞானபீட, பொறியியல்பீட நண்பர்களிடம் கேட்கிறோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஹட்டன் பக்கம் வர முடியுமா? இரசாயனவியல், பௌதிகவியல், எதுவென்றாலும் பரவாயில்லை. பஸ் காசு நாங்கள் பார்த்துக்கொள்வோம், சாப்பாடு லயத்தில். தாத்தாவும் வருவார், அவரிடமும் இன்னும் கேள்வி இருக்கிறதாம்.