செஞ்சியிலிருந்து கிரனாடா வரை



சீயமங்கலத்தைப் பூர்விகமாகக் கொண்டு, செஞ்சியில் ஆசிரியப் பணியாற்றி ஓய்வுபெற்ற தம்பதியர் நாங்கள். பழங்கட்டடங்கள் எங்களுக்குப் புதியவை அல்ல. சீயமங்கலத்தில் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குடைவரைக் கோயில் இருக்கிறது. அதனருகிலுள்ள மலையில் சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. செஞ்சியிலோ ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளையும் அணைத்து நிற்கும் கோட்டையின் நிழலிலேயே எங்கள் வாழ்நாள் கழிந்தது. எனினும் அந்தலூஸ் என்று அரபு நூல்கள் போற்றும் தென் ஸ்பெயினை ஒருமுறை கண்ணால் காண வேண்டும் என்னும் ஆவல் பல்லாண்டுகளாக இருவர் உள்ளத்திலும் இருந்துவந்தது. சென்ற அக்டோபரில் அல்லாஹ் அதற்கு வழி திறந்தான். அல்ஹம்துலில்லாஹ்.

புறப்படுமுன் குடும்பத்தில் ஒரு கேள்வி எழுந்தது. "அந்தப் பணத்தில் இன்னொரு உம்ரா செய்யலாமே, ஊர் சுற்றுவதில் என்ன நன்மை இருக்கிறது?" என்று பெரியத்தா கேட்டார். அது நியாயமான கேள்விதான். கடமையான ஹஜ்ஜை அல்லாஹ்வின் அருளால் முன்னரே நிறைவேற்றியிருந்தோம். ஸகாத்தும் கடனும் பாக்கி இல்லை. பூமியில் பயணம் செய்து, முன்சென்றவர்களின் முடிவு என்னவாயிற்று என்று பார்க்கும்படி திருக்குர்ஆன் பல இடங்களில் மனிதரை அழைப்பதை அவருக்கு நினைவூட்டினோம். அதற்குப் பெரியத்தா சொன்ன பதில் பயணம் முழுவதும் எங்களுடன் வந்தது. "சரி, போய் வாருங்கள். ஆனால் பெருமையடித்துக்கொண்டும் வராதீர்கள், அழுதுகொண்டும் வராதீர்கள். படிப்பினையோடு வாருங்கள்."

முதலில் சென்ற நகரம் செவில். அரபு நூல்களில் இஷ்பீலியா. அங்குள்ள பேராலயத்தின் மணிக்கோபுரமான ஹிரால்டா, 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் முவஹ்ஹிதுகள் கட்டிய பள்ளிவாசலின் மினாராவாக இருந்தது. அதன் உள்ளே பெரும்பாலும் படிகள் இல்லை. சாய்தளங்களே சுற்றிச் சுற்றி மேலேறுகின்றன. பாங்கு சொல்பவர் குதிரைமீதே உச்சிக்குச் செல்வதற்காக அப்படி அமைத்தார்கள் என்பர். முழங்கால் வலியுடைய எங்களுக்கும் அந்தச் சாய்தளம் பேருதவியாக இருந்தது.

உணவுக்கும் தொழுகைக்கும் அஞ்ச வேண்டியதில்லை. மொராக்கோ நாட்டார் நடத்தும் ஹலால் கடைகள் இந்நகரங்களில் கிடைக்கின்றன. பயணிகளுக்குரிய சலுகைப்படி கஸ்ராகச் சுருக்கித் தொழுதோம். இங்கே மேற்கு நோக்கித் தொழுது பழகிய எங்களுக்கு, அங்கே கிழக்கு நோக்கி நின்றபோது முதலிரண்டு நாள்கள் உடலே தயங்கியது. கஅபாவின் மறுபுறத்தில் நிற்கிறோம் என்பதை அப்போதுதான் முழுமையாக உணர்ந்தோம்.

செவிலிலிருந்து விரைவு ரயிலில் முக்கால் மணி நேரத்தில் கார்டோபா வந்துவிடுகிறது. அதுவே குர்துபா. அங்கு ஓடும் குவாதல்கிவிர் ஆற்றின் பெயரும் 'பேராறு' என்று பொருள்படும் அல்வாதி அல்கபீர் என்னும் அரபுத் தொடரின் திரிபே. உமையா மரபினரான முதலாம் அப்துர் ரஹ்மான் 785ஆம் ஆண்டளவில் தொடங்கிய பெரிய பள்ளிவாசல், அவர் வழிவந்தோரால் அடுத்த இரு நூற்றாண்டுகளில் பன்மடங்கு விரிவாக்கப்பட்டது. உள்ளே நுழைந்ததும் 850க்கும் மேற்பட்ட தூண்கள் தோப்புபோல் விரிகின்றன. சிவப்பும் வெண்மையும் மாறிமாறி வரும் இரட்டை வளைவுகள் அவற்றின்மேல் நிற்கின்றன. இரண்டாம் ஹகம் 10ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மிஹ்ராப், பொன்னிற வண்ணக்கல் வேலைப்பாட்டில் இன்றும் ஒளிர்கிறது.

1236இல் கஸ்தீலிய மன்னர் மூன்றாம் பெர்னாந்து நகரைக் கைப்பற்றியபோது அப்பள்ளிவாசல் தேவாலயமானது. 1523இல் அதன் நடுப்பகுதியைத் திறந்து பேராலயத்தின் உயர்ந்த மண்டபத்தை எழுப்பத் தொடங்கினார்கள். இன்று அங்கே திருப்பலி நடக்கிறது. முஸ்லிம்கள் தொழுவதற்கு அனுமதி இல்லை. காவலர்கள் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஸ்பெயின் நாட்டு முஸ்லிம்கள் அனுமதி கேட்டும் திருச்சபை இணங்கவில்லை.

அந்த மிஹ்ராபின்முன் எங்கள் இருவருக்குள்ளும் கருத்து வேறுபட்டது. எங்களில் ஒருவர், "இரண்டு ரக்அத் சுன்னத்தாவது தொழுதுவிடுவோம். முந்நூறு, நானூறு ஆண்டுகள் ஸுஜூது செய்யப்பட்ட தரை இது. யாருக்கு என்ன இடையூறு?" என்றார். கண்கள் கலங்கியிருந்தன. மற்றவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இங்கே தொழமாட்டோம் என்னும் நிபந்தனையை அறிந்துதான் சீட்டு வாங்கி உள்ளே வந்தோம். ஒப்புக்கொண்டதை நிறைவேற்றுவதும் தீன்தான். பூமி முழுவதும் நமக்கு ஸுஜூது செய்யும் இடமாக ஆக்கப்பட்டிருக்கிறது, இந்த நான்கு சுவர்களுக்குள்தான் என்பதில்லையே" என்றார்.

நாங்கள் தொழவில்லை. முன்னவருக்கு அது எளிதாகவும் இல்லை. ஆரஞ்சு மரங்கள் நிழல்தரும் முற்றத்திற்கு வந்து, முன்னொரு காலத்தில் மக்கள் ஒளூச் செய்த அந்த இடத்தில் நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தோம். லுஹரை விடுதியறைக்குத் திரும்பித் தொழுதோம். அன்றிரவுதான் பேசத் தொடங்கினோம். இழப்பின் வலி உண்மையானது என்பதில் இருவருக்கும் ஐயமில்லை. ஆனால் அந்த வலியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதே கேள்வி.

பேசப்பேச, அன்று பார்த்த தூண்கள் வேறொரு கதை சொன்னதை உணர்ந்தோம். அவற்றில் பல, பழைய ரோமானிய, விசிகோத்தியக் கட்டடங்களிலிருந்து எடுத்துவரப்பட்டவை. மிஹ்ராபின் வண்ணக்கல் வேலையோ கிறித்தவப் பேரரசான பைசாந்தியத்தின் கலைஞர் துணையோடு செய்யப்பட்டது. நாம் 'நம்முடையது' என்று அழும் பள்ளிவாசலிலும் பிறர் கைகள் இருக்கின்றன.

குர்துபாவின் பெருமைகளாக நாம் எடுத்துரைப்பவர்களின் வாழ்க்கையும் அப்படியே. 1126இல் அங்கே பிறந்த பேரறிஞர் இப்னு ருஷ்து, முதுமையில் ஒரு முஸ்லிம் மன்னரின் ஆணையால்தான் நகரைவிட்டு வெளியேற்றப்பட்டார். அவருடைய தத்துவ நூல்கள் எரிக்கப்பட்டன. அதே நகரில் பிறந்த யூதப் பேரறிஞர் மைமோனிதீசின் குடும்பம், முவஹ்ஹிதுகளின் நெருக்கடியால் ஊரைவிட்டுச் செல்ல நேர்ந்தது. 1492இல் கிரனாடா வீழ்ந்தபின் யூதர்களும், பின்னர் முஸ்லிம்களும் மதம் மாறவோ நாட்டைவிட்டு நீங்கவோ கட்டாயப்படுத்தப்பட்டதைச் சொல்லும் நாம், இவற்றையும் சேர்த்துச் சொன்னால்தான் நீதி. ஒரு கூட்டத்தார்மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக்கூடாது என்று திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் விசுவாசிகளுக்குக் கட்டளையிடுகிறது. வரலாறு பேசும்போதும் அக்கட்டளை பொருந்தும்தானே?

இறுதியாகச் சென்றது கிரனாடா. அல்ஹம்ராவுக்குச் செல்ல விரும்புவோர் நுழைவுச் சீட்டைப் பல வாரங்களுக்கு முன்னரே வாங்கிவிட வேண்டும். நஸ்ரி அரண்மனைக்குள் நுழைய வேண்டிய நேரம் சீட்டில் குறிக்கப்பட்டிருக்கும். அந்நேரம் தவறினால் அனுமதி இல்லை. கடவுச்சீட்டும் கையில் இருக்க வேண்டும்.

முஹம்மது இப்னுல் அஹ்மர் 1238இல் தொடங்கிய அந்த மாளிகையில் எங்களை முதலில் கவர்ந்தது தண்ணீர். தாரோ ஆற்றிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் நீளமுள்ள வாய்க்கால் வழியே நீரைக் குன்றின்மேல் கொண்டுவந்திருக்கிறார்கள். சிங்க முற்றத்தில் பன்னிரண்டு சிங்கங்களின் வாயிலிருந்தும் நீர் ஒழுகுகிறது. செஞ்சியின் கல்யாண மகாலுக்கு மண்குழாய்கள் வழியே நீர் வந்ததைத் தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்குச் சொன்னவர்கள் நாங்கள். அந்த நீரோட்டத்தைப் பார்த்ததும் இருவர் வாயிலிருந்தும் ஒரே சமயத்தில் 'கல்யாண மகால்' என்னும் சொல் வந்தது.

அல்ஹம்ராவின் சுவரெங்கும் ஒரு வாசகம் மீண்டும் மீண்டும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அது நஸ்ரி மன்னர்களின் முத்திரை வாசகம்: வலா காலிப இல்லல்லாஹ். அல்லாஹ்வையன்றி வெற்றியாளன் எவனும் இல்லை என்பது அதன் பொருள். அதைப் பொறித்தவர்களின் கடைசி மன்னர் அபூ அப்துல்லாஹ், 1492 ஜனவரி 2ஆம் நாள் கோட்டையை ஒப்படைத்துவிட்டு வெளியேறினார். வென்றவர்கள் அந்த வாசகத்தை அழிக்காமல் அதன் நடுவிலேயே வாழ்ந்தார்கள். இன்று அவர்களும் இல்லை. சுவரும் வாசகமும் இருக்கின்றன. தோற்றவனுக்கு ஆறுதலாகவும் வென்றவனுக்கு எச்சரிக்கையாகவும் ஒரே வாசகம் நிற்பதைக் கண்டு நாங்கள் அசைவற்று நின்றோம். பெரியத்தா சொன்ன படிப்பினை இதுதானோ என்று தோன்றியது.

அல்ஹம்ராவுக்கு எதிர்க்குன்றில் உள்ள அல்பைசீன் பகுதியில் 2003ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புதிய பள்ளிவாசல் இருக்கிறது. அங்கே அஸர் தொழுதோம். எங்கள் வரிசைகளில் ஸ்பானியரும் மொராக்கோ நாட்டாரும் ஆப்பிரிக்க மாணவர்களும் இருந்தார்கள். குர்துபாவில் கலங்கிய அந்தக் கண்கள் இங்கே மீண்டும் கலங்கின. ஆனால் இது வேறு கண்ணீர். பழைய மாளிகை எதிரே சிவந்து நிற்க, இன்று உயிரோடுள்ள மனிதர்களின் தோளோடு தோள் சேர்ந்து நின்றதே இப்பயணத்தின் நிறைவாக அமைந்தது.

அந்நகரத்தில் இப்னு பதூதாவை நினைத்துக்கொண்டோம். 1340களில் நம் தமிழகக் கரையில் இறங்கி மதுரை சுல்தானின் விருந்தினராக இருந்த அந்த மொராக்கோப் பயணி, சில ஆண்டுகள் கழித்து கிரனாடாவுக்கும் வந்தார். அவருடைய பயண நூலைப் பின்னர் எழுத்தில் வடித்த இப்னு ஜுஸையைச் சந்தித்ததும் அங்கேதான். மதுரை சுல்தான் கியாஸுத்தீன் அவருக்கு உறவினர். இருவரும் உடன்பிறந்த சகோதரிகளை மணந்தவர்கள். இருந்தும், போரில் சிறைபிடித்த மக்களை, பெண்கள், குழந்தைகள் உட்பட, அந்த சுல்தான் கொன்ற கொடுமையை அவர் மறைக்கவில்லை. அருவருப்போடு கண்டித்தே எழுதினார். உறவும் மார்க்கமும் ஒன்றாக இருந்தும் உண்மையைச் சொன்ன அந்தத் துணிவு, நாம் நம் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லும்போது வேண்டும்.

ஊர் திரும்பியபின் செஞ்சிக் கோட்டை எங்கள் கண்களுக்குச் சற்று வேறாகத் தெரிகிறது. நாயக்கர், பீஜப்பூர் சுல்தான்கள், 1677இல் சிவாஜி, எட்டாண்டு முற்றுகைக்குப்பின் 1698இல் முகலாயர், ஆர்க்காட்டு நவாபு, 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என்று எத்தனையோ பேர் வென்ற கோட்டை இது. வெங்கடரமணர் கோயிலின் தூண்களைப் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்குக் கொண்டுசென்றார்கள். அக்கோயிலைப் பார்த்துப் பெருமூச்சு விடும் நம் அயலாரின் உள்ளம் எப்படியிருக்கும் என்பதை, குர்துபாவின் மிஹ்ராபின்முன் நின்றபின்தான் நாங்கள் உள்ளபடி அறிந்தோம். அதே கோட்டைக்குள் 1717ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட சாதத்துல்லா கான் பள்ளிவாசலும் நிற்கிறது.

1714இல் நவாபு சாதத்துல்லா கானை எதிர்த்து மாண்ட ராஜா தேசிங்கின் கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அக்கதையில் தேசிங்கின் உயிர்த்தோழன் ஒரு முஸ்லிம். தன் திருமணத்தைப் பாதியில் விட்டுவிட்டு நண்பனுக்காகப் போர்க்களம் சென்று உயிர்நீத்தவன். வென்ற பக்கத்திலும் முஸ்லிம், தோற்ற பக்கத்திலும் முஸ்லிம். இதில் எந்தப் பக்கம் 'நம் பக்கம்'? இக்கேள்வியைப் பேரப்பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் தரும் பதில் உங்களை வியக்கவைக்கும்.

2025 ஜூலையில் மராட்டியர் படையரண்களின் வரிசையில் செஞ்சிக் கோட்டையும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஆகவே அந்தலூஸ் செல்லும் வசதி வாய்க்காதவர்கள் வருந்த வேண்டாம். ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு செஞ்சிக்கு வாருங்கள். வெயில் ஏறுமுன் மலையேறுங்கள். தண்ணீரும் தொப்பியும் மறவாதீர்கள். கோயிலையும் பள்ளிவாசலையும் களஞ்சியத்தையும் காட்டுங்கள். யார் வென்றார், யார் தோற்றார் என்பதோடு நிறுத்தாமல், அவர்கள் இன்று எங்கே என்றும் கேளுங்கள். நம்மவர் செய்த நன்மையை மகிழ்ந்து சொல்லுங்கள். நம்மவர் செய்த அநீதியையும் அஞ்சாமல் சொல்லுங்கள்.

காண்பவற்றில் படிப்பினை பெறும் கண்களையும், சொல்வதில் நீதி தவறாத நாவையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் நம் சந்ததியினருக்கும் தந்தருள்வானாக. பயணத்தில் இருப்போரைப் பத்திரமாக அவரவர் குடும்பத்தாரிடம் சேர்ப்பானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.