எமது ஊரின் பெயரில் ஒரு போர்க்கப்பல்

திருகோணமலைக் கடலில் 1782இல் பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் பொருதிய சமரின் நினைவாகவே, பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தில் கட்டிய போர்க்கப்பலுக்கு 'டிரின்கோமலி' எனப் பெயரிட்டனர். நெப்போலியனோடு பொருதும் காலத்தில், 1812இல், கட்டப் பணிக்கப்பட்ட கப்பல் அது. 1817இல் நீரில் இறங்கியபோதோ அவர் சென் ஹெலனாவில் கைதி! 1819இல் இங்கிலாந்தை அடைந்ததும் கால் நூற்றாண்டு கட்டிப்போட்டனர்.

1847 முதல் மேற்கிந்தியக் கடலிலும், 1852 முதல் 1857 வரை பசிபிக்கிலும் காவற்பணி. கிரிமியப் போர் நடந்த அக்காலத்திலும் அதன் பீரங்கிகள் எவரையும் கொல்லவில்லை. வீணான கப்பல் என்பார் உளர். திருகோணமலையென்ற சொல்லைப் போர்ச் செய்திகளிலேயே எழுதியெழுதிச் சலித்த எனக்கு அவ்வாறு தோன்றவில்லை.

பின்னாளில் இளைஞர் பயிற்சிக் கப்பலாகி, 'ஃபூட்ரோயன்ட்' என்ற பெயரையும் சுமந்தது. 1992இல் பழைய பெயர் மீண்டது. இப்போது வட இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது.