பெருநாள் இரவில் திறக்காத பின்கதவு



நான் நோணாங்குப்பத்தில் குடியிருக்கிறேன். கடலூர் சாலையில் சுண்ணாம்பாற்றுப் படகுக் குழாமைப் பார்த்தவர்களுக்கு எங்கள் ஊர் தெரிந்திருக்கும். நான் ஓதிக்கொடுக்கும் மதரஸா புதுவை நகருக்குள் இருக்கிறது. அஸர் தொழுகைக்குப் பின் என் பழைய ஆம்னி வண்டியில் நோணாங்குப்பம், அரியாங்குப்பம் பக்கத்துப் பிள்ளைகள் ஆறேழு பேரை ஏற்றிச் செல்வதும், இஷாவுக்குப் பின் அவரவர் வீட்டு வாசலில் இறக்கிவிடுவதும் என் அன்றாட வழக்கம். 2019-ஆம் ஆண்டோடு அந்த வண்டியின் உற்பத்தி நின்றுவிட்டது. ஆயினும் நம் ஜமாஅத்துகள் பலவற்றில் பிள்ளைகளையும் நோன்புக் கஞ்சி வாளிகளையும் அரிசி மூட்டைகளையும் அதுதான் இன்னும் சுமக்கிறது.

2025 மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை. ரமலான் பிறை இருபத்தொன்பது. ஃபித்ராவுக்காகச் சேர்ந்த அரிசியை ஐந்து கிலோ பைகளாகக் கட்டி, நாற்பது பைகளை வண்டியின் பின்பகுதியில் அடுக்கினோம். அடுக்கியவர்கள் மதரஸாப் பிள்ளைகள். கடைசிப் பையை வைத்துவிட்டு, டிக்கி என்று நாம் சொல்லும் அந்தப் பின்கதவைச் சாத்தியவன் பதினோரு வயதுச் சிறுவன் ஒருவன். பெயர் வேண்டாம். நல்ல குரல்வளமுள்ள பிள்ளை. அந்த ஆண்டுதான் ‘அம்ம’ ஜுஸ்உவை மனனம் செய்து முடித்திருந்தான்.

மக்ரிபுக்குப் பின் பிறை தென்பட்ட செய்தி வந்தது. மறுநாள் பெருநாள். ஃபித்ரா, பெருநாள் தொழுகைக்கு முன் உரியவர் கையில் சேர்ந்துவிட வேண்டும். தொழுகைக்குப் பின் கொடுப்பது மற்ற தர்மங்களைப் போன்ற ஒன்றாகிவிடும் என்ற கருத்தில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு அபூதாவூதில் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். ஆக எங்களுக்கு இருந்தது அந்த ஓர் இரவுதான். முதல் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திச் சாவியைப் போட்டேன். சாவி அரைச் சுற்றோடு நின்றது. மீண்டும் மீண்டும் திருப்பியதில் ஒருவாறு சுழன்றது. ஆனால் பிடியை அழுத்தினால் கதவு அசையவில்லை. தட்டினேன், குலுக்கினேன், முழங்காலால் இடித்தும் பார்த்தேன்.

எங்களுடன் ஜமாஅத்துப் பெரியவர்கள் இருவரும் பிள்ளைகள் நால்வரும் இருந்தார்கள். நான் திரும்பி அச்சிறுவனைப் பார்த்து, “நீதானே ஓங்கிச் சாத்தினாய்?” என்றேன்.

“மெதுவாகத்தான் சாத்தினேன், ஹஜ்ரத்” என்றான்.

“பொய் சொல்லாதே. நோன்பு வைத்துக்கொண்டு பொய் வேறா?”

அவன் மறுமொழி கூறவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். பெரியவர்களில் ஒருவர், “விடுங்க ஹஜ்ரத், சின்னப் பிள்ளை” என்றார். நான் விட்டுவிட்டேன், அதாவது வாயால் விட்டுவிட்டேன்.

பக்கவாட்டுக் கதவைத் திறந்து, பின்னிருக்கையின் முதுகின் மேல் குப்புறக் கவிழ்ந்து, பைகளை ஒவ்வொன்றாக மேலே இழுத்துக் கொடுத்தோம். அந்த இடுக்கில் நுழையும் உடல்வாகு அவனுக்குத்தான் இருந்தது. நாற்பதில் பாதிக்கு மேல் அவன் எடுத்துக் கொடுத்தவை. கடைசி வீட்டை முடிக்கும்போது இரவு மணி பன்னிரண்டை நெருங்கியிருந்தது. அல்ஹம்துலில்லாஹ், எதுவும் மிஞ்சவில்லை. அவனை வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது வழக்கம்போல் ஸலாம் சொன்னான். நான் பதில் சொன்னேன். அவ்வளவுதான்.

பெருநாள் கழிந்து மதரஸா தொடங்கியது. அவன் வரவில்லை. காய்ச்சல் என்று வீட்டில் சொன்னார்கள்.

அந்த வாரம் வியாழக்கிழமை பின்கதவைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். எங்கள் தெருவில் படகு எஞ்சின்களைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார். உப்புக்காற்றில் இரும்பு என்ன பாடுபடும் என்பதை அவரைப் போல் அறிந்தவர் எங்கள் பக்கத்தில் இல்லை. நான் பெரிய ஸ்க்ரூட்ரைவரைக் கதவிடுக்கில் செருகப் போனதைப் பார்த்து வேகமாக வந்தார். “பாய், நெம்பாதீங்க. தகடு வளைஞ்சா அப்புறம் கதவே மாத்தணும். முதல்ல அது என்ன சொல்லுதுன்னு கேளுங்க.”

அவர் கேட்டது இப்படித்தான். பிடியை மெல்ல அழுத்திப் பார்த்தார். விரல் தடையின்றி வெறுமையாக உள்ளே போனால், பிடியையும் பூட்டையும் இணைக்கும் கம்பி கழன்றிருக்கிறது என்று பொருள். இறுகி நின்றால், பூட்டின் கொக்கி இறுகியிருக்கிறது. எங்கள் கதவில் இரண்டும் கலந்திருந்தன. பாதி வரை வெறுமை, அதன்பின் இறுக்கம். அடுத்து, கதவை வெளியிலிருந்து இரு கைகளாலும் உள்நோக்கி அழுத்தச் சொன்னார். கதவு வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு நிற்கும்போது, கொக்கி வண்டியின் சட்டத்திலுள்ள வளையத்தை முழுப் பாரத்துடன் கவ்விக்கொண்டிருக்கும்; உள்ளே அழுத்தினால் அந்தப் பாரம் குறையும். பல நேரங்களில் இதிலேயே திறந்துவிடுமாம். எங்களுக்குத் திறக்கவில்லை.

ஆகவே உள்ளே போக வேண்டியதாயிற்று. சிறுவன் கவிழ்ந்து கிடந்த அதே இடுக்கில் நான் கவிழ்ந்தேன். நாற்பது வயதைக் கடந்த முதுகுக்கு அது எளிதான காரியமாக இல்லை. கதவின் உட்பலகையைப் பிளாஸ்டிக் கிளிப்புகள் பிடித்திருக்கும். பலகையின் நடுவில் நெம்பினால் அது பிளந்துவிடும். ஒவ்வொரு கிளிப்புக்கும் அருகில் பட்டையான கருவியைச் செருகித் தூக்க வேண்டும். பலகை வந்தது. கைவிளக்கின் ஒளியில் பார்த்தேன். பிடியிலிருந்து பூட்டுக்குப் போகும் கம்பியைப் பற்றியிருந்த சிறு பிளாஸ்டிக் பிடிப்பு பாதி உடைந்து, கம்பி தன் துளையின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கொக்கி செந்நிறத் துருவில் ஊறியிருந்தது. அண்ணன் வெளியிலிருந்து கதவை அழுத்த, நான் ஸ்க்ரூட்ரைவர் முனையால் பூட்டின் நெம்புகோலைத் தள்ளினேன். நான்காவது முறையில் ‘டக்’கென்று விடுபட்டது. கதவு மேலே எழுந்தது.

சாவித் துளைக்குள் சிறு குச்சியை விட்டு எடுத்தார் அவர். கறுப்பாக, பசைபோல் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். “தேங்காய் எண்ணெய். யார் ஊத்தினது?”

நான்தான். 2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். வண்டியின் பின்பகுதி முழுவதும் நனைந்தது. அதன்பின் சாவி இறுகத் தொடங்கியது. சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெயை எடுத்து வந்து வாரம் ஒருமுறை விட்டேன். அந்நேரம் சுகமாகத் திரும்பும். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறையக்கூடியது. நம் மார்கழி இரவுகளுக்கு அது போதும். உறையாத நாளில் தூசியை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். சாவித் துளைக்குள் மெல்லிய தகடுகளும் மயிரிழை போன்ற சுருள்விற்களும் இருக்கின்றன. அவற்றுக்கிடையே நான் மாதக்கணக்கில் களிமண் குழைத்திருக்கிறேன். பெட்டி வடிவ வண்டிகளுக்கு இன்னொரு துன்பமும் உண்டு. ஓடும்போது வண்டியின் முதுகுப்புறத்தில் காற்றழுத்தம் குறைவதால் சாலைப் புழுதியும் ஈரமும் சுழன்று வந்து அங்கேதான் படியும். பின்கதவே எப்போதும் அதிக அழுக்காக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அண்ணன் அடுத்துக் கதவின் விளிம்பைத் தடவினார். “இந்த ரப்பர் பீடிங் இந்த வண்டியோடது இல்லையே, பாய்? இவ்வளவு தடிமனா இருந்தா ஓங்கி அடிச்சாதானே பூட்டும். ஒவ்வொரு அடியும் அந்தக் கிளிப்புலதான் விழுந்திருக்கு.”

அதுவும் நான் செய்ததே. மழைநீர் இனி உள்ளே வரக்கூடாது என்று புயலுக்குப் பின் கிடைத்த தடித்த ரப்பரை வாங்கி நானே ஒட்டியிருந்தேன்.

மீதி வேலை ஒன்றரை மணி நேரம். கொக்கியை மண்ணெண்ணெயிலும் பழைய பல்துலக்கியிலும் தேய்த்துத் துடைத்து, உலர்ந்த பின் வெள்ளை கிரீஸ் தடவினோம். சாவித் துளையையும் கழுவி உலரவிட்டுக் கிராஃபைட் பொடி மட்டும் போட்டோம். அது எண்ணெய்போல் தூசியைப் பிடிக்காது. கம்பிக்குப் புதிய கிளிப்பு. பழைய அளவிலான பீடிங். மொத்தச் செலவு ஐந்நூறு ரூபாயைத் தொடவில்லை. வளையத்தின் போல்ட்டுகளைத் தளர்த்துவதற்கு முன் அதன் பழைய இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளச் சொன்னார். இரண்டு மில்லிமீட்டர் நகர்த்தியதும் கதவு உள்ளங்கை அழுத்தத்திலேயே பூட்டியது. கதவைச் சாத்துவதற்கு முன் அவர் செய்த ஒன்றை நீங்களும் மறவாமல் செய்யுங்கள். கதவு திறந்திருக்கும்போதே கொக்கியை ஸ்க்ரூட்ரைவரால் மூடிவிட்டு, பிடியை அழுத்தி அது விடுபடுகிறதா என்று மூன்று முறை சோதித்தார். சோதிக்காமல் சாத்தினால் மீண்டும் பின்னிருக்கையின் மேல் கவிழ வேண்டியதுதான்.

அவர் வேலை செய்துகொண்டிருந்தபோது நபி தாவூத் (அலை) அவர்களை நினைத்தேன். அல்லாஹ் அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததையும், கவச வளையங்களைச் சரியான அளவில் கோக்கும்படி கட்டளையிட்டதையும் ஸூரா ஸபாவில் ஓதுகிறோம். அவர்களிடமே இருவர் வழக்குக் கொண்டுவந்த வரலாறு ஸூரா ஸாதில் இருக்கிறது. ஒருவர் சொன்னதைக் கேட்டதும், மற்றவரின் வாயிலிருந்து கேட்பதற்கு முன் தீர்ப்புச் சொல்லப்பட்டது என்பதே அங்கே சுட்டப்படுவது எனத் தஃப்ஸீர் ஆசிரியர்கள் சிலர் விளக்குவார்கள். அந்தப் பாடத்தை அந்த ஷஃபான் மாதத்தில்தான் பிள்ளைகளுக்கு நடத்தியிருந்தேன். அச்சிறுவன் முதல் வரிசையில் இருந்தான்.

அன்று அஸருக்குப் பின் அரியாங்குப்பத்தில் அவன் வீட்டுக்குப் போனேன். பயந்துபோன அவன் தாயார், “ஏதாவது தப்புப் பண்ணிட்டானா ஹஜ்ரத்?” என்று கேட்டார். இல்லை, நான் செய்துவிட்டேன் என்றேன். அவனை அருகில் அழைத்து எண்ணெய், துரு, ரப்பர் மூன்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவன் பொய் சொல்லவில்லை, நான்தான் அவனைப் பொய்யன் என்று சொல்லிவிட்டேன், என்னை மன்னித்துவிடு என்றேன். அடியாருக்குச் செய்த அநீதியை அந்த அடியாரிடமே தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று மேடையில் சொல்வது எளிது. பதினோரு வயதுப் பிள்ளையின் முன்னே அந்தச் சொல்லை வாயிலிருந்து வெளியே எடுக்க எனக்கு நேரமாயிற்று.

அவன் சிறிது நேரம் பாய்விளிம்பைப் பிய்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “புயலுக்கு அப்புறம் நீங்கதான் ஹஜ்ரத், எல்லாரும் ஓங்கிச் சாத்துங்க, இல்லன்னா பூட்டாதுன்னு சொன்னீங்க. அன்னைக்கு அரிசி இருந்ததால நான் மெதுவாச் சாத்தினேன்” என்றான்.

எனக்கு நினைவு வந்தது. டிசம்பரில், மதரஸா வாசலில், இதே பிள்ளைகளிடம், சொல்லியிருந்தேன்.

“இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, தம்பி?”

“பெரியவங்க இருந்தாங்களே.”

பெரியவர்கள் முன்னிலையில் உஸ்தாதை எதிர்த்துப் பேசக்கூடாது என்ற அதபை அவனுக்குக் கற்பித்தவனும் நானே. அதற்கு நான் என்ன சொல்வது? அந்த இருவர் முன்னிலையில் அவனை இழிவாகப் பேசியிருந்ததால், அடுத்த ஜுமுஆவுக்குப் பின் அவ்விருவரையும் நிறுத்திச் சொன்னேன். மதரஸாவிலும் பிள்ளைகள் எல்லோரும் இருக்கும்போது சொன்னேன். பின்வரிசையில் ஒரு பிள்ளை சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சந்தேகங்களில் பெரும்பகுதியை விட்டு விலகச் சொல்லும் ஸூரா ஹுஜுராத்தின் 12-ஆம் வசனத்தை அவ்வாண்டு பாடமாக எடுக்கும் முறை வந்தபோது வழக்கத்தைவிட மெதுவாக எடுத்தேன். பிள்ளைகளிடம் ஒரு புதிய அனுமதியும் அறிவித்திருக்கிறேன். நான் சொன்னது தவறென்று தெரிந்தால், யார் இருந்தாலும், “ஹஜ்ரத், ஒரு விஷயம்” என்று தொடங்கலாம். இதுவரை இருவர் தொடங்கியிருக்கிறார்கள். ஒருமுறை தவறு என்னுடையது, மறுமுறை அவனுடையது.

அச்சிறுவன் மறுவாரத் திங்கட்கிழமை வந்துவிட்டான். இப்போதும் பின்கதவைச் சாத்துவது பெரும்பாலும் அவன்தான். ஒரு கையே போதும் என்று சொல்லியிருக்கிறேன். ஆனாலும் இரு கைகளாலும் பிடித்து, மிக மெதுவாக இறக்கி, ‘டக்’ என்ற சத்தம் கேட்டதும் என்னைத் திரும்பிப் பார்க்கிறான்.