சிலோன் ரோட்டில் ஒரு சுகி கேக்

சனிக்கிழமை காலை. மரின் பரேட் ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்தபோது என் கையில் ஒரு துணிப்பை. அதற்குள் நான் செய்த சுகி கேக். இது இரண்டாவது முயற்சி. முதலாவதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

சில வாரங்களுக்கு முன் காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம், “அண்மையில் வீட்டில் என்ன சுட்டீங்க?” என்று கேட்டேன். தோசை என்றுதான் பதில் வரும் என நினைத்தேன். கேக், ரொட்டி, டார்ட் என்று அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. ஹேக் ரோட்டிலிருந்து ஓர் அக்கா அழைத்தார். “மாசத்துல ஒரு சனிக்கிழமை நாங்க நாலு பேரு என் வீட்டுல கூடுவோம். அவங்கவங்க கடைசியா செஞ்சதை எடுத்துட்டு வருவோம். நீங்களும் வாங்க. ஆனா வெறுங்கையோட வரக்கூடாது!”

நேரம் இருந்ததால் சிலோன் ரோடு வழியாக நடந்தே போனேன். தெருவின் தொடக்கத்திலேயே ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயம். 1850களில் ஒரு குளக்கரையில், செண்பக மரத்தருகே கிடைத்த பிள்ளையார் சிலையிலிருந்து தொடங்கியது அதன் கதை. இலங்கைத் தமிழர்கள் வளர்த்த கோயில். உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு, அதே தெருவில் மேலும் நடந்தால் 139ஆம் எண்ணில் யூரேஷியர் சமூக இல்லம். காத்தோங் வட்டாரம் யூரேஷியக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்த இடம். ஒரே தெருவில் பிள்ளையாரும் யூரேஷியர் இல்லமும். என் பையில் இருந்த கேக்கின் கதையும் ஏறக்குறைய அப்படித்தான்.

சுகி கேக் யூரேஷியர்களின் பண்டம். கிறிஸ்துமசுக்கும் திருமணத்துக்கும் செய்வார்கள். ரவை, வெண்ணெய், பாதாம், நிறைய முட்டை மஞ்சள் கரு, கொஞ்சம் பிராந்தி. நான் பிறந்து வளர்ந்த பிடோக் வீட்டில், பக்கத்து வீட்டு யூரேஷிய ஆன்ட்டி கிறிஸ்துமசுக்கு அதைத் தருவார். தீபாவளிக்கு அம்மா அவருக்கு முறுக்கும் அதிரசமும் தருவார். ஒருநாள் தாழ்வாரத்தில் நின்றபடியே ஆன்ட்டி செய்முறையைச் சொல்லிக் கொடுத்தார். அம்மா எழுதி வைக்கவில்லை. பிராந்தியை மட்டும் விட்டுவிட்டு, முப்பது ஆண்டுகளாகத் தீபாவளிக்கு அதைச் செய்தார். ஆன்ட்டி வீடு மாறிப் போய் வெகு காலமாகிவிட்டது.

போன ஆண்டு அம்மாவுக்கு மணிக்கட்டில் அறுவை சிகிச்சை. மாவு கலக்கும் வேலை இனி என்னுடையது. அளவு கேட்டேன். “ஒரு டப்பா ரவை, ஒரு கட்டி பட்டர், பத்து மஞ்சள் கரு. மத்ததெல்லாம் கைப்பக்குவம்,” என்றார். எந்த டப்பா? “பால் டப்பா!”

அக்காவின் வீட்டுக்கு வழி கேட்கத் தேவைப்படவில்லை. மின்தூக்கிக் கதவு திறந்ததுமே வாசனை வழிகாட்டியது. உணவு மேசையில் ஏற்கெனவே மூன்று தட்டுகள்.

பள்ளி ஆசிரியை ஒருவர் பண்டான் ஷிஃபான் கேக் கொண்டு வந்திருந்தார். அச்சில் எண்ணெய் தடவினால் மாவு பிடித்து ஏற முடியாதாம். சுட்டதும் தலைகீழாகக் கவிழ்த்து ஆறவிடாவிட்டால் அமுங்கிவிடுமாம். கணினித் துறையில் வேலை செய்யும் தம்பி சார்டோ ரொட்டி சுட்டிருந்தார். “நம்ம ஊரு சூட்டுல இட்லி மாவு மாதிரிதான் பொங்கும். குளிர்பதனப் பெட்டியில வைக்கலைன்னா ராத்திரி எழுந்து பார்க்கணும்,” என்றார். வங்கி ஊழியர் ஒருவர் அன்னாசி டார்ட் கொண்டுவந்திருந்தார். பாகு ஓட்டமாக இருந்தால் டார்ட் நமத்துப்போகும் என்பதால், அன்னாசியைப் பொன்னிறமாகும்வரை நின்று கிளறினாராம்.

நான்காவது தட்டு அக்காவுடையது. அதுவும் சுகி கேக்! என்னுடையதை வைக்க எனக்குக் கூச்சமாகிவிட்டது.

வெட்டினோம். அமைதி. ஆசிரியைதான் பேசினார்: “வாசம் நல்லா இருக்கு. ஆனா மண்ணு மாதிரி நறநறன்னு...” எல்லாரும் சிரித்தோம். அக்கா கேட்டார்: “ரவையை எவ்வளவு நேரம் ஊற வெச்சீங்க?” அரை மணி நேரம். “அதான். வெண்ணெய்யில ராத்திரி முழுக்க ஊறணும். ரவை வெண்ணெய்யைக் குடிச்சாதான் மெத்துன்னு வரும்.”

அக்காவின் கேக் வாயில் கரைந்தது. வானொலிக்காரி புத்தி விடுமா? “அக்கா, உங்க அளவைச் சொல்லுங்க, நிகழ்ச்சியில சொல்றேன்,” என்றேன்.

அவர் தேநீரை ஊற்றி முடித்துவிட்டுத்தான் பேசினார். “அது வேணாம் தங்கச்சி.”

முகம் எனக்குச் சற்று வாடியது உண்மை. பிறகு அவர் சொன்னதைக் கேட்டேன். 2020இல் விமான நிலையக் கடையொன்றில் வேலை போனது. ஏப்ரல் 7 முதல் ஊரே வீட்டுக்குள். பழகிய சுகி கேக்கைச் செய்து விற்கத் தொடங்கினார். இரண்டு வாரத்தில் கட்டுப்பாடுகள் கடுமையாகி, வீட்டு உணவு வியாபாரமும் நின்றது. மே 12இல் மீண்டும் அனுமதி கிடைத்ததும், நோன்புப் பெருநாளுக்காக மலாய்க்கார அண்டைவீட்டார் முதல் ஆர்டர்களைக் கொடுத்தார்கள். இன்று மகனின் படிப்புச் செலவில் ஒரு பங்கு அந்த ஓவனிலிருந்துதான் வருகிறது.

வீவக வீட்டில் சிறிய அளவில் சுட்டு விற்கலாம். உணவுக்கடை உரிமம் தேவையில்லை. ஆனால் வெளியாளை வேலைக்கு வைக்கக் கூடாது, வாசலில் விளம்பரப் பலகை மாட்டக் கூடாது. “எனக்குக் கடையும் இல்ல, பலகையும் இல்ல. ருசி ஒண்ணுதான் இருக்கு,” என்றார் அக்கா.

பிடோக் ஆன்ட்டி தாழ்வாரத்தில் நின்று தாராளமாகச் சொன்னார். அந்தக் கேக்கை நம்பி அவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அக்காவின் நிலை வேறு. இரண்டு பேரையும் ஒரே தராசில் நிறுத்த நினைத்தது என் தவறு.

கிளம்பும்போது அக்கா கேட்டார்: “உங்கம்மா எதுல அளப்பாங்க?” பால் டப்பா என்றேன். “அந்த டப்பா இன்னும் இருக்கா? அதுல ரவையைத் தலைதட்டி அள்ளி நிறுத்துப் பாருங்க. என் அளவு உங்களுக்கு எதுக்கு? உங்கம்மா அளவு கையிலேயே இருக்கே.”

அம்மாவின் அரிசிப் பானைக்குள் இருந்தது அந்தக் கண்டன்ஸ்டு மில்க் டப்பா, விளிம்பு நசுங்கி. ரவையை நிரப்பி நிறுத்தேன். 250 கிராமுக்குக் கொஞ்சம் கூடுதல். வெண்ணெய்க் கட்டியின் மேலுறையைப் பார்த்தேன்: 250 கிராம். முப்பது ஆண்டுகளாக அம்மா கைப்பக்குவம் என்று சொல்லிவந்ததில் பாதிக் கணக்கு அங்கேயே இருந்தது. ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தேன். அன்றிரவே ரவை வெண்ணெய்யில் ஊறியது.

மறுநாள் மாலை அம்மா ஒரு துண்டு எடுத்து மெதுவாகச் சாப்பிட்டார். “ரவை ஊறியிருக்கு,” என்றார். இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினார்.

திங்கட்கிழமை நிகழ்ச்சியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: வீட்டில் அம்மாவோ பாட்டியோ அளக்கும் பழைய டப்பா இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். முதலில் நிறுத்துப் பாருங்கள். அக்காவின் அளவு அக்காவிடமே இருக்கிறது. தீபாவளிக்கு இரண்டு கிலோ ஆர்டர் கொடுத்திருக்கிறேன்.