மூன்று இழையை ஒன்றாக்கும் கை

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மீன்கடைகளைத் தாண்டிப் போனால் நம் ஊர்ச் சாமான்கள் விற்கும் கடைகள் வரும். வாழை இலை, முருங்கைக்காய், சின்ன வெங்காயம், காபித்தூள். தென் தில்லியின் அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்த தமிழர்களும் மலையாளிகளும் தலைமுறை தலைமுறையாக இங்கேதான் பை நிரப்பிக்கொண்டு போகிறார்கள். மார்கழி பிறக்கும் வாரத்தில் அக்கா இங்கே வருவது பச்சரிசி நொய்க்கும் காவிக்கும். அவர் கோலம் போட்டுச் சம்பாதிப்பவர். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி ஆர்.கே.புரம் வந்தவர். மண்டபம், கோயில், அலுவலக விழா என்று எங்கே கூப்பிட்டாலும் போகிறார்.

கடைக்காரர் கோல ஸ்டிக்கர் கட்டை எடுத்து நீட்டினார். "அது ஒட்டறவங்களுக்கு சேட்டா. எனக்கு நொய் குடுங்க" என்றார் அக்கா.

நான் கையில் சில நகல்களை எடுத்துப் போயிருந்தேன். அயர்லாந்து, ஸ்காட்லாந்துக் கெல்டிக் முடிச்சுக் கோலங்கள். கி.பி. 800ஐ ஒட்டி எழுதப்பட்டு இன்று டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கும் கெல்ஸ் நூலின் பக்கங்களும் அவற்றில் உண்டு. கன்றுத் தோலில் துறவிகள் எழுதிய நற்செய்தி நூல் அது. எழுத்தின் ஓரங்களிலெல்லாம் கோடு கோட்டைப் பின்னி, பாம்பாகி, பறவையின் கழுத்தாகி, மறுபடி கோடாகித் திரும்பும். அக்கா ஒரு நகலைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நம்ம சிக்குக் கோலந்தானே தம்பி இது? புள்ளியை அழிச்சுட்டாங்க, அவ்வளவுதான்."

அவர் சொன்னது பெருமளவு உண்மை. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் பெய்ன் என்ற ஓவிய ஆசிரியர் அந்தப் பழைய முடிச்சுகளை எப்படிப் போடுவது என்று 1951இல் ஒரு நூலாகவே வெளியிட்டார். அவர் வழியும் புள்ளி வைப்பதில்தான் தொடங்குகிறது. அவருக்கு முன்பே, 1904இல், ரோமிலி ஆலன் என்ற ஆய்வாளர் இன்னொன்றைக் காட்டியிருந்தார். சாதாரணப் பின்னலில் அங்கங்கே வெட்டுகளை எடுத்துவிட்டு முனைகளை வேறு பக்கம் இணைத்தால் முடிச்சுக் கோலங்கள் பிறக்கும் என்பது அது.

அதையே அக்கா ஒரு அட்டைப்பெட்டி மூடியில் போட்டுக் காட்டினார். மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று நேர்ப்புள்ளி. எல்லாப் புள்ளியையும் சுற்றி, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே கோடுகள் ஒன்றையொன்று வெட்டிப் போகும்படி வளைத்தார். கை எடுக்காமல் போடப் பார்த்தாலும் ஒரே இழையில் முடியவில்லை. சாய்வாக இரண்டு நீளக் கண்ணி, நடுவில் ஒரு சாய்சதுரம், ஆக மூன்று தனித்தனி இழைகள். "மூணுக்கு மூணு வச்சா மூணுதான் வரும். மூணுக்கு நாலு வச்சா ஒண்ணு." பள்ளியில் படித்த மீப்பெரு பொது வகுத்திதான் இது. 3க்கும் 4க்கும் பொது வகுத்தி 1, அதனால் ஒரே இழை. 4க்கும் 6க்கும் என்றால் இரண்டு இழை. அக்காவுக்கு அந்தச் சொல் தேவைப்பட்டதே இல்லை.

பிறகு மேல் வரிசையின் நடுப்புள்ளிக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு வெட்டுகளை மட்டும் அழித்தார். கோடுகள் அங்கே வெட்டாமல் ஒதுங்கி வளைந்துபோகும்படி இணைத்தார். இப்போது பேனாவை எங்கே வைத்துத் தொடங்கினாலும் மூன்று இழையும் ஒன்றாகி, தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுகிறது. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரித்திவாசன் மூவரும் 1974இல் கோலங்களைக் கணினி இலக்கணமாக எழுதியபோது கைக்கொண்டது இத்தகைய அறிவைத்தான்.

ஒரு வேறுபாட்டை அக்காவே கண்டுபிடித்தார். கெல்டிக் கோடு ஓரிடத்தில் மேலே ஏறினால் அடுத்த வெட்டில் கீழே நுழைகிறது, நிஜக் கயிறு மாதிரி. நம் கோலத்தில் மேல் கீழ் கிடையாது, மாவு தரையோடு தரையாகக் கிடக்கிறது.

இந்த முடிச்சுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கெல்டிக் தெய்வம், ஒரு மந்திரப் பொருள் என்று இன்று நிறையச் சொல்கிறார்கள். பெரும்பாலும் பிற்காலத்தில் சேர்த்தவை. பின்னல் கோலம் ரோமானிய மொசைக் தரைகளிலும் ஜெர்மானிய உலோக வேலையிலும் இருந்தது. அயர்லாந்துத் துறவிகள் அதை எடுத்து எவரும் போகாத தூரத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் கைவேலையே எனக்குப் போதுமான அதிசயம்.

அன்று மாலை அக்காவின் வேலையைப் பார்க்க ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போனேன். கிரானைட் தரை, தில்லிக் குளிர். வழவழப்பான தரையில் பொடி நிற்காது என்பதால் மாக்கோலம். ஊறிய நொய்யை நைசாக அரைத்துக் கரைத்திருந்தார். ஒரு துண்டுத் துணியை அதில் நனைத்து விரல்களுக்குள் அடக்கி, கட்டைவிரலால் அழுத்த, மாவு மோதிரவிரல் வழியே நூலாக இறங்கியது. அழுத்தம் கூடினால் கோடு தடிக்கும், குறைந்தால் அறுந்துபோகும். வளைவுகளில் மணிக்கட்டு திரும்பவே இல்லை, தோள்தான் திரும்பியது. குளிரில் மாவு காய நேரமாகிறது. அதுவரை யாரும் மிதிக்காமல் அவருடைய தங்கை மகள் காவல் நின்றாள். அப்படியும் நாற்காலி இழுத்துவந்த பையன் ஒருவன் ஒரு மூலையைத் தேய்த்துவிட்டான். அக்கா ஒன்றும் சொல்லாமல் ஈரத்துணியால் துடைத்துவிட்டு அந்த மூலையை மறுபடி போட்டார்.

பூ அலங்காரக்காரருக்கு முன்பணம் உண்டு. அக்காவுக்கு எல்லாம் முடிந்த பிறகு, அலங்காரச் செலவுக்குள் அடக்கி ஏதோ ஒரு தொகை. சில வீடுகளில் வெற்றிலை பாக்கும் ரவிக்கைத் துணியும் மட்டும். வீட்டுப் பெண்கள் தினமும் செய்வதற்குக் கூலி எதற்கு என்ற எண்ணம் நம்மவர்களிடம்தான் அதிகம். இது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

மார்க்கெட்டுக்கு எதிரே 1994இல் திறந்த தில்லி ஹாட் இருக்கிறது. அங்கே மதுபனி ஓவியம் நல்ல விலைக்குப் போகிறது. அதுவும் மிதிலைப் பெண்கள் வீட்டுச் சுவரிலும் தரையிலும் போட்டதுதான். 1966ஐ ஒட்டிய பீகார் வறட்சியின்போது அகில இந்தியக் கைவினை வாரியம் பாஸ்கர் குல்கர்னியை அனுப்பி, அந்தப் பெண்களுக்குக் காகிதம் கொடுத்து வரையச் சொன்னது. அப்போதுதான் அது பெயர் போட்டு விற்கும் ஓவியமாயிற்று. சிக்குக் கோலத்துக்கும் அப்படி ஒரு காகிதம் வேண்டும், பெய்ன் எழுதியதுபோல் முறையைச் சொல்லித்தரும் ஒரு புத்தகமும் வேண்டும் என்று அக்காவிடம் சொன்னேன்.

"காகிதத்துலயும் போடுவேன். முதல்ல தரைக்குக் காசு வரட்டும்" என்றார். தை மாதம் ஒரு கல்யாணம் பேசியிருக்கிறார்களாம். தங்கை மகள் போனில் விலைப்பட்டியல் தட்டிக்கொண்டிருந்தாள். அக்கா சொல்லச் சொல்ல அவள் சேர்த்தாள்: வாசல் கோலம் தனி, மேடைக் கோலம் தனி, காவி தனி, பாதிப் பணம் முன்பணம்.